இடரை எதிர்கொள்ளும் பயிரணு

(நம் கல்விச் சங்கத்தின் வெள்ளி விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

வெள்ளி விழா மேடையில் சங்கம் கடந்து வந்த பாதையைப் பற்றிப் பேசுவதே வழக்கம். அதனைப் பேசத் தகுதியுடைய மூத்தோர் இம்மேடையில் பலர் உள்ளனர். நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் வேறு. சூழ்நிலையின் இடர்களைப் பயிரின் உயிரணுக்கள் எவ்வாறு எதிர்கொள்கின்றன என்பதே அது. கல்விச் சங்கத்தின் விழாவில் தாவரவியலுக்கு என்ன வேலை என்று சிலர் எண்ணக்கூடும். தலைமுறை தலைமுறையாகச் சேற்றில் நின்று நாற்று நட்ட மக்கள் நாம். பயிரின் வெளியுருவை நம்மைப்போல் அறிந்தவர் எவருமில்லை. ஆனால் அப்பயிரின் உள்ளே நடப்பதை எழுதி வைத்த ஏடுகள் நெடுங்காலம் நம் கைக்கு எட்டவில்லை. எட்டிய பிறகும் அவற்றைத் திறந்து பாராமல் இருப்பது தகுமா? அதனால்தான் இப்பொருளைத் தேர்ந்தோம்.

ஓட முடியாத உயிர்

வெயில் சுட்டால் ஆடு நிழலுக்கு ஒதுங்கும். வெள்ளம் வந்தால் எலியும் மேட்டுக்கு ஏறும். பயிருக்கு அந்த வசதி இல்லை. விதை எங்கே விழுந்ததோ அங்கேயே அது வாழ வேண்டும், அன்றேல் மடிய வேண்டும். ஆகவே விலங்கு காலால் செய்வதைப் பயிர் தன் உயிரணுவுக்குள் செய்கிறது.

தாவரத்தை ஓரறிவுயிர் என்று தொல்காப்பியம் வகுத்தது. அந்த ஓரறிவு எத்தனை நுட்பமானது என்பதைக் கருவி கொண்டு காட்டியவர் வங்கத்து விஞ்ஞானி ஜகதீச சந்திர போஸ். செடியைத் தீண்டினாலும் சுட்டாலும் அதன் உடலில் மின் மாறுதல் தோன்றுவதை அவர் 1901ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரில் அறிஞர்கள் முன்னிலையில் செய்து காட்டினார். அன்று ஐயத்தோடு நோக்கியவர் பலர். இன்று, ஓர் இலையில் பட்ட காயத்தின் செய்தி மற்றோர் இலைக்கு மின்னலையாகவும் கால்சிய அலையாகவும் பரவுவதை ஆய்வுக்கூடங்களில் கண்ணாலேயே காண்கின்றனர்.

பயிரின் உயிரணு எப்படிப்பட்டது? அதனை ஒரு சிறு வீடாக எண்ணிக்கொள்வோம். வெளியே உறுதியான சுவர் உண்டு. சுவரையொட்டி உள்ளே மெல்லிய சவ்வு. எதை உள்ளே விடுவது, எதை வெளியே தள்ளுவது என்று தீர்மானிக்கும் வாயிற்படி அதுவே. நடுவே நீர் நிறைந்த பெரிய பை ஒன்று உண்டு. அதனை நுண்குமிழ் என்பர். வீட்டின் தண்ணீர்த் தொட்டியும் அதுதான், வேண்டாதவற்றைப் போட்டு வைக்கும் உள்ளறையும் அதுதான். பச்சையம் தாங்கிய கணிகங்கள் சமையற்கட்டு. உட்கருவில் மரபணுக்கள் உள்ளன. அவை அவ்வீட்டின் ஏட்டுச்சுவடிகள். எந்நேரமும் எல்லா ஏடுகளும் விரித்து வைக்கப்படுவதில்லை. வேளைக்கு ஏற்ற ஏடு மட்டுமே திறக்கப்படும். இந்தக் கடைசிச் செய்தியை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். உரையின் முடிவில் இதற்குத் திரும்பி வருவோம்.

மீஞ்சூர்க் கிணற்றில் உப்பு

நம் மாவட்டத்துக் கதையிலிருந்தே தொடங்குவோம். ஆரணியாறும் கொசஸ்தலையாறும் கடலை நோக்கி வரும் வழியில், மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் ஆகிய இடங்களில் மணலுக்கடியில் நல்ல நீர் தேங்கியிருந்தது. சென்னை மாநகரின் குடிநீருக்காகவும் ஆலைகளுக்காகவும் அந்நீர் ஆழ்துளைக் கிணறுகள் வழியே இறைக்கப்பட்டது. உழவும் இறைத்தது. நிலத்தடியில் நன்னீர் இருக்கும்வரை அதன் எடையும் அழுத்தமும் கடல்நீரை அப்பால் தள்ளி நிறுத்தும். நன்னீர் இறங்கினால் உப்புநீர் உள்ளே நுழையும். மீஞ்சூர்ப் பகுதியில் இவ்வாறு கடல்நீர் நுழைந்தது 1960களின் இறுதியிலேயே கண்டறியப்பட்டது. அதன்பின் அது பல கிலோமீட்டர் தூரம் மேற்கு நோக்கி நகர்ந்தது. பின்னர், 2010ஆம் ஆண்டில், அதே பகுதியில் காட்டுப்பள்ளியில் கடல்நீரிலிருந்து நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் குடிநீர் எடுக்கும் நிலையம் தொடங்கப்பட்டது. நன்னீரை இழந்த மண்ணிலேயே கடலிலிருந்து நன்னீரைப் பிழிந்தெடுக்கும் நிலை வந்தது.

உப்பேறிய மண்ணில் நின்ற நெல்லுக்கு நேர்வது என்ன? இரண்டு தீங்குகள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன.

முதல் தீங்கு தாகம். ஊறுகாய்ச் சாடியில் உப்பிட்ட மாங்காய் நீரை விட்டுச் சுருங்குவதை நம் தாய்மார்கள் அறிவர். வேரைச் சுற்றியுள்ள நீரில் உப்பு மிகுந்தால் வேரணுவால் அந்நீரை உறிஞ்ச இயலாது. கண்ணெதிரே நீர் நின்றாலும் பயிர் வாடும். இதற்கு அணு செய்யும் மாற்று, தன்னுள்ளே சில கரைபொருள்களைச் சேர்த்துக்கொள்வதாகும். புரோலின் என்னும் அமினோ அமிலமும் சில சருக்கரைகளும் அவற்றுள் முக்கியமானவை. அவை அணுவுக்குத் தீங்கு செய்வதில்லை. உட்சாற்றை மட்டும் செறிவாக்கும். வெளியிலுள்ள உப்பின் இழுப்புக்கு ஈடாக உள்ளிழுப்பு உண்டாகி, நீர் மீண்டும் அணுவினுள் வரும்.

இரண்டாம் தீங்கு நஞ்சு. உப்பிலுள்ள சோடியம் உள்ளே புகுந்து, பொட்டாசியம் இருக்க வேண்டிய இடத்தைப் பற்றிக்கொண்டு, அணுவின் நொதிகளைக் கெடுக்கிறது. சோடியம் மிகுந்தவுடன் அணுவினுள் கால்சியம் ஒரு சைகையாகப் பாய்கிறது. அச்சைகையை ஒரு புரதம் உணர்ந்து இன்னொரு புரதத்தை எழுப்புகிறது. அது சவ்விலுள்ள மூன்றாம் புரதத்தை முடுக்குகிறது. அந்த மூன்றாவதே சோடியத்தை வெளியே இறைக்கும் ஏற்றம். தப்பி உள்ளே தங்கிய சோடியத்தை மற்றொரு புரதம் நுண்குமிழுக்குள் தள்ளி அடைத்து வைக்கிறது. இவ்வளவும் நடப்பது ஊசிமுனையிலும் சிறிய ஓரிடத்தில்!

இறைப்பதற்கும் அடைப்பதற்கும் ஆற்றல் செலவாகிறது. கதிருக்குப் போக வேண்டிய மாவுப்பொருள் காவலுக்குச் செலவாகிறது. அதனால்தான் உப்பு மண்ணில் பயிர் பிழைத்தாலும் விளைச்சல் குறைகிறது. மண்ணின் உப்பை அதன் மின்கடத்து திறனைக் கொண்டு அளப்பர். அந்த அளவு ஏறத்தாழ 3 டெசிசீமன்சைத் தாண்டினால் நெல் விளைச்சல் சரியத் தொடங்கும். நாற்றுப் பருவத்திலும் பூக்கும் பருவத்திலும் நெல் மிகவும் மெலிந்தது. மண் பரிசோதனைச் சீட்டில் "மி.க.தி." என்று குறிப்பிடப்படும் எண் இதுவே. அச்சீட்டு வீட்டிலிருந்தும் அதனைப் படிக்கத் தெரியாதவராக நம் வீட்டுப் பிள்ளைகளில் ஒருவரும் இருத்தல் கூடாது.

உப்பை வென்ற செடிகளும் நம் அருகிலேயே உள்ளன. பழவேற்காட்டு ஏரிக்கரையிலும் எண்ணூர்க் கழிமுகத்திலும் நிற்கும் அலையாத்தி மரங்களைப் பாருங்கள். கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு உண்டு. அந்நீரில் வேரூன்றிய வெண்கண்டல், உப்பின் மிகப் பெரும்பகுதியை வேரிலேயே தடுத்து விடுகிறது. மீறி வந்த உப்பை இலையிலுள்ள சுரப்பிகள் வழியே வெளியேற்றுகிறது. அவ்விலையை நாவால் தொட்டால் உப்புக் கரிக்கும். சென்னைத் தரமணியிலுள்ள எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தில் அஜய் பரிடாவின் குழுவினர் இம்மரத்திலிருந்து உப்பைத் தாங்கும் மரபணுக்களைப் பிரித்தெடுத்து நெல்லில் செலுத்தி ஆராய்ந்தனர். கடற்கரைச் சேற்றில் கேட்பாரற்று நின்ற மரம் உலக அறிவியலின் கவனத்தைப் பெற்றது இவ்வாறுதான்.

வறட்சியும் புழுதி விதைப்பும்

அடுத்து வறட்சியைக் காண்போம். இலையின் அடிப்புறத்தில் கண்ணுக்குத் தெரியாத எண்ணற்ற துளைகள் உள்ளன. ஒவ்வொரு துளைக்கும் இரு காப்பணுக்கள், இரட்டைக் கதவுபோல. கதவு திறந்தால் கரியமில வாயு உள்ளே வரும், சமையல் நடக்கும். அதே கதவு வழியேதான் நீரும் ஆவியாகி வெளியேறும். வேர் உறிஞ்சும் நீரில் நூற்றுக்கு 95 பங்குக்கு மேல் இவ்வாறே போய்விடுகிறது.

மண் காயத் தொடங்கியதும் பயிருக்குள் அப்சிசிக் அமிலம் என்னும் வளரூக்கி பெருகுகிறது. அது காப்பணுக்களை அடைந்ததும் அவற்றிலிருந்து பொட்டாசியமும் பிற உப்புகளும் வெளியேறுகின்றன. பின்னாலேயே நீரும் வெளியேறுகிறது. காப்பணுக்கள் தொய்ந்து கதவு மூடிக்கொள்கிறது. நீர் மிஞ்சுகிறது, ஆனால் சமையல் நின்றுபோகிறது. தாகத்துக்கு அஞ்சிக் கதவை அடைத்தால் பசி வரும். பசிக்கு அஞ்சித் திறந்தால் தாகம் கொல்லும். இவ்விரண்டுக்கும் நடுவே நாள்தோறும் கணக்குப் போட்டு வாழ்வதே பயிரின் வாழ்வு. இவ்வளரூக்கியை உணரும் புரதங்கள் எவை என்பது 2009ஆம் ஆண்டில்தான் தெளிவாயிற்று.

நம் மாவட்டத்தில் புழுதி விதைப்பு நெடுநாளாக உண்டு. மழைக்கு முன் உலர்ந்த மண்ணில் விதைத்து, மழை வந்து ஏரி நிரம்பியபின் அதனையே சேற்றுப் பயிராக மாற்றுவர். விதை முளைத்தபின் மழை பொய்த்தால் நாற்றுக் கருகும். இதற்கு வேளாண்மைப் பல்கலைக்கழகம் கூறும் எளிய முறை ஒன்றுண்டு. லிட்டருக்கு 10 கிராம் வீதம் பொட்டாசியம் குளோரைடு கரைத்த நீரில் விதையைப் பதினாறு மணி நேரம் ஊறவைத்து, நிழலில் பழைய ஈரப்பதத்துக்கு உலர்த்தி விதைக்க வேண்டும். விதையைக் கடினப்படுத்துதல் என்று இதற்குப் பெயர். முளைக்கும் வேலையைப் பாதி தொடங்கி நிறுத்தி வைத்த விதை, ஈரம் கிடைத்ததும் விரைந்து ஒருசீராக முளைக்கிறது; வறட்சியையும் ஓரளவு தாங்குகிறது.

திரூரிலுள்ள நெல் ஆராய்ச்சி நிலையம் இத்தகைய நிலங்களுக்கான இரகங்களையே ஆராய்ந்து வருகிறது. அங்கு உருவான டி.கே.எம். 6 தண்டுத் துளைப்பானைத் தாங்கும் குணத்தால் பெயர் பெற்றது. பிலிப்பைன்சு நாட்டிலுள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையம் 1969இல் வெளியிட்ட ஐ.ஆர். 20க்கு அதுவே ஒரு பெற்றோர். ஒருகாலத்தில் தமிழ்நாடெங்கும் நம் மக்கள் நட்ட ஐ.ஆர். 20 நாற்றில் திருவள்ளூர் மண்ணின் வித்து இருந்தது. நட்டவர்களில் எத்தனை பேர் அதனை அறிந்திருந்தோம்?

மூழ்கியும் மடியாத நெல்

வறட்சி ஒருபுறமிருக்க, வெள்ளமும் நம் ஊர்களுக்குப் புதிதன்று. 2015ஆம் ஆண்டு நவம்பர், டிசம்பர் மாதங்களில் பெய்த பெருமழையையும், 2023 டிசம்பரில் வந்த மிக்ஜாம் புயலையும் எவரும் மறந்திரார். நெற்பயிர் முழுவதும் நீரில் மூழ்கினால் அதற்குக் காற்று கிடைப்பதில்லை, ஒளியும் குறைகிறது. பயிருக்குள் எத்திலீன் என்னும் வாயு தேங்குகிறது. அதனைச் சைகையாகக் கொண்டு சாதாரண நெல் நீருக்கு மேலே எட்டிப் பார்க்க விரைந்து நெடிதாக வளர்கிறது. அந்த ஓட்டத்தில் சேமிப்பு முழுவதும் தீர்ந்துபோகிறது. ஒரு வாரம் கழித்து நீர் வடியும்போது பயிர் துவண்டு விழுகிறது.

ஒடிசாவில் வெள்ளக்காட்டு உழவர்கள் விளைவித்துவந்த நாட்டு நெல்லிலிருந்து தெரிந்தெடுத்த எப்.ஆர். 13ஏ என்ற இரகம் இதற்கு நேர்மாறாக நடக்கிறது. மூழ்கியவுடன் அது வளர்ச்சியை நிறுத்திச் சேமிப்பைச் சிக்கனமாகச் செலவிட்டுக் காத்திருக்கிறது. ஏறத்தாழ இரண்டு வாரம் மூழ்கினாலும் நீர் வடிந்தபின் புதிதாகத் துளிர்க்கிறது. இக்குணத்துக்குக் காரணமான சப்1ஏ என்னும் மரபணு 2006ஆம் ஆண்டில் அடையாளம் காணப்பட்டது. அதனைச் சுவர்ணா என்ற புகழ்பெற்ற இரகத்தில் கலப்பு முறையால் சேர்த்து உருவாக்கிய சுவர்ணா சப்1, இந்தியாவில் 2009இல் வெளியாயிற்று. தமிழ்நாட்டுக்கு ஏற்ற சி.ஆர். 1009 சப்1 என்ற இரகமும் பின்னர் வந்தது.

ஈண்டு ஒரு கேள்வியைக் கேட்டாக வேண்டும். அம்மரபணுவைக் கண்டுபிடித்தவர்கள் விஞ்ஞானிகள். அதனைக் காத்து வைத்தவர்கள் யார்? வெள்ளத்தில் தப்பிய கதிரைத் தனியே கொய்து, அடுத்த ஆண்டுக்கு விதையாக எடுத்து வைத்த கைகள் யாருடையவை? எழுத்தறியா உழவர்களும் கூலியாட்களும் அன்றோ! கேரளத்துக் கடலோரத்தின் பொக்காளி நெல்லும் அத்தகையதே. உலகெங்கும் உப்பைத் தாங்கும் நெல்லை உருவாக்குவோர் அதன் மரபணுக்களையே நாடுகின்றனர். அந்த உவர்ச் சதுப்பில் வரப்பு கட்டி, மேடு கோலி, உழைத்தவர்களில் பெரும்பாலோர் புலையர் முதலிய ஒடுக்கப்பட்ட மக்கள்.

அதே புலையர் சமுதாயத்தில் திருவிதாங்கூரில் தோன்றிய அய்யன்காளி, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், தம் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்கும்வரை வயலில் இறங்குவதில்லை என்று உழைப்பாளிகளை ஒன்றுதிரட்டி வேலைநிறுத்தம் நடத்தினார். கூலி உயர்வைக் காட்டிலும் கல்வியை முதன்மையாக்கி வயலில் நடந்த போராட்டம் அது. விதையைக் காத்த மக்களே பள்ளிக்காகவும் போராட நேர்ந்தது என்பதை இந்தக் கல்விச் சங்கத்தின் விழாவில் நினைவுகூர்வது பொருத்தமேயாகும்.

வெப்பம், புகை, ஈயம்

வெப்பத்தைப் பற்றிச் சுருக்கமாகக் கூறுவோம். முட்டையின் வெண்கரு சூட்டில் உறைவதுபோல, வெப்பம் மிகுந்தால் அணுவிலுள்ள புரதங்கள் மடிப்புக் கலைந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். உடனே அணு வெப்ப அதிர்ச்சிப் புரதங்கள் என்பவற்றைப் பெருக்குகிறது. அவை கலைந்தவற்றைத் தாங்கிப் பிடித்து மறுபடியும் சரியாக மடித்து வைக்கின்றன. இத்தகைய மாறுதலை 1962இல் முதன்முதலாகப் பழ ஈயின் அணுவில் கண்டவர் ரிட்டோசா என்னும் இத்தாலிய அறிஞர். பின்னர்ச் செடி, மனிதர் என எல்லா உயிர்களிலும் அப்புரதங்கள் உள்ளன என்பது தெரியவந்தது. ஈக்கும் நெல்லுக்கும் மனிதனுக்கும் ஒரே காவல். இதில் மேல் கீழ் ஏது?

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையைச் சுற்றி வாழ்வோருக்குப் புகையும் தூசும் அன்றாடக் காட்சி. இலைமேல் படியும் கரித்தூளும் சாம்பலும் ஒளியை மறைக்கின்றன, இலைத்துளைகளை அடைக்கின்றன. நிலக்கரியை எரிக்கும்போது எழும் கந்தக டை ஆக்சைடு இலைத்துளை வழியே புகுந்து, ஈரத்தில் கரைந்து அமிலமாகிறது. சிறிதளவாயின் அணு அதனைத் தீங்கற்ற சல்பேட்டாக மாற்றிச் சமாளிக்கும். அளவு மிஞ்சினால் பச்சையம் சிதைந்து இலை வெளுக்கும். எந்த இடரிலும் அணுவினுள் வெறிகொண்ட ஆக்சிஜன் வடிவங்கள் பெருகிச் சவ்வைத் துளைக்க முனைகின்றன. அவற்றை அடக்கச் சில நொதிகளும் வைட்டமின் சி எனப்படும் அஸ்கார்பிக் அமிலமும் அணுவிலேயே உண்டு.

இனி உலோக நஞ்சு. ஈயம், காட்மியம் போன்ற கன உலோகங்கள் வேருக்குள் வந்தால், கந்தகம் தாங்கிய சிறு புரதத் துணுக்குகளை அணு உண்டாக்கி அவற்றைப் பற்றிக் கட்டுகிறது. ஜெர்மானிய அறிஞர்கள் 1985இல் இவற்றைக் கண்டு பைட்டோகெலாட்டின் என்று பெயரிட்டனர். கட்டுண்ட உலோகம் நுண்குமிழில் அடைபடுகிறது. செடி பிழைத்துக்கொள்கிறது. ஆயின் நஞ்சு அழிந்துபோகவில்லை. செடியின் உடலுக்குள்ளேயே இருக்கிறது. பச்சைப்பசேல் என்று தழைத்த கீரை நஞ்சற்றது என்று எண்ணிவிடலாகாது.

இங்குதான் தாவரவியல் நம் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தைத் தொடுகிறது. ஈயம் மனித உடலில் கால்சியத்தின் வேடமிட்டுப் புகுந்து, வளரும் குழந்தையின் மூளையைத் தாக்குகிறது. கவனமும் நினைவாற்றலும் குன்றுகின்றன. குழந்தைகளுக்குத் தீங்கற்றதென்று கூறத்தக்க ஈய அளவு எதுவுமில்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் முடிவு. ஆகவே பழைய பாட்டரிகளை உடைத்து ஈயம் உருக்கும் வேலைக்குச் செல்லும் நம் தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். வேலை உடையோடு வீடு திரும்பாதீர்கள். கையும் முகமும் கழுவி, உடை மாற்றிய பிறகே பிள்ளையைத் தூக்குங்கள். வேலை உடையைத் தனியே துவையுங்கள். ஆலையருகே விளைந்த கீரையைப் பலமுறை நன்னீரில் அலசுங்கள். முகக்கவசமும் குளிக்கும் இடமும் கேட்டுப் பெறுவது உங்கள் உரிமை. அது எவரிடமும் இரந்து பெறும் சலுகையன்று. தொழிலாளரின் இரத்தத்தில் ஈயத்தின் அளவைச் சோதிக்க வழி உண்டு. அதனைக் கேட்கும் துணிவு வேண்டும்.

பயிர் கூறாத பாடமும் கூறும் பாடமும்

இவ்வளவும் கேட்டபின் ஒருவர் எழுந்து, "பார்த்தீர்களா, பயிர் எத்தனை இடர் வந்தாலும் பொறுத்துக்கொண்டு வாழ்கிறது, நீங்களும் அவ்வாறே பொறுமையாக இருங்கள்" என்று நமக்கு அறிவுரை கூறலாம். இப்படிப்பட்ட அறிவுரையை நூற்றாண்டுகளாகக் கேட்டு வருகிறோம். பயிர் அப்பாடத்தைக் கூறவில்லை. பயிர் பொறுப்பது அதற்குக் கால் இல்லாமையால். நமக்குக் கால் உண்டு, கை உண்டு, நா உண்டு. மேலும் பயிர் தன் பொறுமைக்குப் பெருவிலை கொடுக்கிறது. உப்பை இறைத்த பயிரின் கதிர் சிறுக்கிறது. கதவடைத்த பயிர் பசியால் வாடுகிறது. பொறுமையால் உயிர் மிஞ்சலாம், விளைச்சல் மிஞ்சாது. உப்புக்கும் ஓர் எல்லை உண்டு. அதற்கு மேல் எந்த ஏற்றத்தாலும் இறைக்க முடியாது.

பயிர் கூறும் உண்மையான பாடம் வேறு. தொடக்கத்தில் சொன்ன ஏட்டுச்சுவடிகளுக்குத் திரும்புவோம். பயிரின் ஒவ்வோர் அணுவிலும் முழு நூலகமும் உண்டு. சூழ்நிலைக்கு ஏற்பவே ஏடுகள் திறக்கின்றன. அமெரிக்காவில் ஸ்டீவர்டு என்னும் தாவரவியலாரும் அவர் குழுவினரும் 1958ஆம் ஆண்டில் காரட் கிழங்கிலிருந்து எடுத்த அணுக்களைத் தக்க ஊட்டக் கரைசலில் வளர்த்தனர். மண்ணுக்கடியில் இருளில் கிடந்த வேரின் அணு அது. அதிலிருந்து வேரும் தண்டும் இலையும் கொண்ட முழுச்செடி எழுந்தது; அது பூவும் பூத்தது!

இதன் பொருளைச் சிந்தியுங்கள். தலையில் தோன்றியவன் ஒருவன், காலில் தோன்றியவன் ஒருவன், ஆகவே அவனவன் தொழில் அவனவனுக்கு என்று நமக்கு நெடுங்காலம் ஓதப்பட்டது. வேரில் தோன்றிய அணு வேராகவே இருந்தாக வேண்டும் என்ற விதியைத் தாவர உலகிலேயே காணோம். வேரணுவுக்குள் மலர் உறங்கிக் கிடக்கிறது. அதற்கு வேண்டியவை ஒளியும் ஊட்டமும் இடமுமே.

நாற்று வாடினால் அறிவுள்ள உழவர் விதையைத் திட்டுவதில்லை. நீரைப் பார்ப்பார், மண்ணைச் சோதிப்பார், உப்பை அளப்பார். ஆனால் நம் பிள்ளை பள்ளியில் பின்தங்கினால் "இவனுக்குப் படிப்பு ஏறாது" என்று ஒரே சொல்லில் விதையின்மேல் பழி போடுகின்றனர். பட்டினியை அளந்தார்களா? ஒண்டுக் குடிசையில் விளக்கு உண்டா என்று பார்த்தார்களா? வகுப்பறையில் அவனை எங்கே உட்கார வைத்தார்கள் என்று கேட்டார்களா? நெல்லுக்குக் காட்டும் நியாயத்தையாவது நம் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள் என்றே நாம் கேட்கிறோம். நம் சங்கத்தின் பணியும் அதுவே: மண்ணைத் திருத்துவது, நீரைக் கொண்டுவருவது, நிழலை விலக்கி ஒளி விழச் செய்வது.

விதையைக் கடினப்படுத்தும் முறையைச் சொன்னோம். துன்பம் பிள்ளைகளை உறுதியாக்கும் என்பதற்கு அதனைச் சான்றாக்கிக்கொள்ள வேண்டாம். லிட்டருக்கு 10 கிராம் என்று அளந்து, பதினாறு மணி நேரத்தில் எடுத்து, நிழலில் உலர்த்திக் காப்பது அம்முறை. அளவின்றி உப்பில் போட்டு மறந்துவிட்டால் விதை சாகும். நம் மக்கள்மீது சுமத்தப்பட்டது அளந்த உப்பன்று.

இளைஞர்களுக்கு

நாம் வாழும் திருவள்ளூர் மாவட்டம் 1997இல் தனியே பிரியும்வரை செங்கற்பட்டு மாவட்டத்தின் பகுதி. அம்மாவட்டத்து ஆதிதிராவிடரின் நிலமற்ற நிலையை 1891இல் ஆட்சியர் டிரெமன்ஹீர் அறிக்கையாக எழுதினார். அதன் பயனாக 1892இல் நம் மக்களுக்கென நிலம் ஒதுக்க அரசாணை பிறந்தது. பஞ்சமி நிலம் என்று நாம் இன்று கூறுவது அதுவே. அந்நிலங்களில் பெரும்பகுதி கைமாறிப்போன வரலாறு தனியே பேசத்தக்கது. எஞ்சிய காணியையேனும் காக்க வேண்டுமானால், பட்டாவைப் படிக்கவும் தெரிய வேண்டும், அந்நிலத்தின் மண்ணைப் படிக்கவும் தெரிய வேண்டும். உப்பேறி விளையாது போன நிலத்தை அடிமாட்டு விலைக்கு விற்றுவிட்டு, அதே இடத்தில் எழுந்த ஆலையின் வாயிலில் ஒப்பந்தக் கூலியாக நிற்கும் நிலை இனி வேண்டாம்.

ஆகவே இளைஞர்களே, தாவரவியலும் வேதியியலும் மண்ணியலும் படியுங்கள். தொழிற்பேட்டையில் வேலைக்குச் செல்வது நன்று. மூட்டை தூக்குவதோடு நின்றுவிடாமல், அங்குள்ள ஆய்வுக்கூடத்தில் நீரையும் காற்றையும் சோதிக்கும் இருக்கையிலும் நம்மவர் அமர வேண்டும். திரூரிலுள்ள ஆராய்ச்சி நிலையமும் வேளாண்மை அறிவியல் நிலையமும் நம் வரிப்பணத்தில் நடப்பவை. அங்குச் சென்று கேளுங்கள். ஊர்க் கிணற்று நீரையும் காணி மண்ணையும் சோதித்து, அந்த எண்களை ஆண்டுதோறும் ஒரு குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். பத்தாண்டுக் குறிப்பு கையிலிருந்தால் எந்த அலுவலகத்திலும் நம் சொல்லை எளிதில் தள்ளிவிட முடியாது. 1942ஆம் ஆண்டு நாகபுரி மாநாட்டில் அண்ணல் அம்பேத்கர் கற்பதை முதலிலும், போராடுவதையும் ஒன்றுசேர்வதையும் அதனையடுத்தும் வைத்துப் பேசினார். கற்றவனின் போராட்டத்துக்கே சான்றும் கணக்கும் துணை நிற்கும்.

ஓரணு உப்பை உணர்ந்தால் அது தனக்குள் அடக்கிக்கொண்டு வாளாவிருப்பதில்லை. அடுத்த அணுவுக்கும் அதற்கடுத்த அணுவுக்கும் சைகை விடுக்கிறது. வேர் கண்ட இடரை நுனி இலையும் அறிகிறது. இருபத்தைந்து ஆண்டுகளாக நம் சங்கம் செய்து வருவதும் அத்தகைய பணியே. ஒரு வீட்டில் ஏற்றிய விளக்கின் செய்தியை அடுத்த வீட்டுக்குச் சொல்லி வந்தோம். இனியும் சொல்வோம்.